கஞ்சி போட்ட குதிரை

குதிரைக்குத் தோல் நோய் வந்தால் அது முதலில் குதிரைக்குத் தெரியும், பிறகு ஈக்களுக்குத் தெரியும், பிறகு வண்டியில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஊரெல்லாம் தெரிந்து முடிந்த பிறகுதான் டாக்டருக்குத் தெரியும்.

அப்படிக் கடைசியில் தெரிந்துகொள்கிற மிருக டாக்டர் உத்தியோகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர்கள், தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லோரும் என் கட்சி. நாம் ஒன்று சொல்வோம். எதிரே நிற்கிறவர் நன்றாகத் தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் வேறொன்று செய்வார். மறுநாள் வந்து, "நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்" என்பார். பட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். படாதவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

யுத்த காலத்தில் என்னைத் திருத்தணிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஊரில் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்று பெயர். குதிரையைப் பார்த்தாலும் கழுதையைப் பார்த்தாலும் நான் மாட்டு டாக்டர்தான். இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு பயனில்லை என்று உணர எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பொதட்டூர்பேட்டை பஸ் அடுப்புக்கரியில் ஓடியது. ஓடாத இடங்களில் ஜனங்கள் தள்ளினார்கள். அதனால் ஸ்டேஷனில் இறங்கி மலையடிவாரம் போகிறவர்களுக்கு ஜட்காதான் கதி. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் காவடியும் கூட்டமுமாக ரயில்கள் வந்து கொட்டும். அந்தச் சில நாள் ஓட்டத்தை நம்பித்தான் ஜட்காக்காரர்கள் மீதி வருஷத்தை ஓட்டினார்கள். சொறி, படை பிடித்த குதிரையைத் திருவிழாவில் பூட்டக் கூடாது என்று உத்தரவு. எந்தக் குதிரை ஓடலாம், எது கூடாது என்று சொல்ல வேண்டிய பாவி நான். இங்கே சொல்வதெல்லாம் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய சில வாரங்களில் நடந்தவை.

மொடமொடப்பு

ஒருநாள் காலை, ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முனிரத்தினத்தின் ஜட்காவில் வந்தேன். முனிரத்தினம் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் பொதட்டூர்பேட்டை. பரம்பரை நெசவாளி. யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடக்கவே, அதை விற்றுவிட்டு ஒரு பெண் குதிரையை வாங்கினான். சிட்டு என்று பெயர் வைத்தான். அவனுக்கும் அவன் மனைவி கன்னியம்மாவுக்கும் இருந்த ஒரே சொத்து சிட்டுதான். அதற்கு முன்னால் இரண்டு பேரும் சாமிக்கு வாகனமாக வரும்போதுதான் குதிரையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள்.

வண்டியிலிருந்து இறங்கி சிட்டுவின் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். கையில் குதிரை உடம்பு படவில்லை. சலவையிலிருந்து வந்த வேட்டி பட்டது. மொடமொட என்றிருந்தது. முடி எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து பளபளத்தது. குனிந்து மோந்து பார்த்தேன். புளித்த சோற்றுக் கஞ்சி. வெந்நீர் கொண்டு வரச் சொல்லி ஒரு பக்கம் கழுவினோம். கஞ்சி கரையக் கரைய உள்ளே இருந்த விஷயம் வெளியே வந்தது. கழுத்திலும் சேணம் படுகிற இடத்திலும் வட்ட வட்டமாக வழுக்கை. வட்டத்துக்குள் சாம்பல் தூவியது போலப் பொருக்கு. ஓரத்தில் ஒடிந்த முடி. படர்தாமரை. மனிதர்களுக்கு வருகிற அதே சாமான்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

"இதென்னப்பா, குதிரைக்குக் கஞ்சி?" என்றேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. நான்தான் தொழில் தெரியாதவன் என்பது போல என்னைப் பார்த்துச் சொன்னான்: "இன்னா சார் கேக்கற? பாவுல நூலு பிசிறினா கஞ்சி போட்டுப் புருசால இழுத்தா படிஞ்சி நிக்குது. இந்த முடி மட்டும் இன்னாத்துக்கு நிக்க மாட்டேங்குது?"

சீதனம்

எனக்கு முடியைப் பற்றிக் கவலை இல்லை. புருசு என்றானே, அதுதான் உறுத்தியது. எங்கே அது என்று கேட்டேன். வண்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். தறியில் ஏற்றுகிற நீள நூலைத் தெருவில் பாவாகக் கட்டி, நெசவாளிகள் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தேய்ப்பார்களே, அந்தப் பெரிய புருசு. அதை வைத்துத்தான் தினமும் காலையில் சிட்டுவுக்குத் தலை முதல் வால் வரை இழுத்திருக்கிறான். கழுத்தில் ஒரு வட்டமாக இருந்தது உடம்பு முழுவதும் பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"இதை வேறு யாராவது தொட்டார்களா?" என்றேன். "தொடாம? ஸ்டாண்டு பூரா இதான் சார்!" என்றான் பெருமையாக. சிட்டு மினுங்கிய மினுங்கலைப் பார்த்துவிட்டு மற்ற வண்டிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். நெசவாளித் தெருவில் ஒருவன் பாவு கட்டினால் பத்துப் பேர் கூப்பிடாமலே வந்து கை கொடுப்பார்கள். இவனும் அந்த வழக்கத்தில் தினம் ஒவ்வொரு குதிரைக்கும் தானே இழுத்துவிட்டிருக்கிறான். நான் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால், குதிரைகள் எல்லாம் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி பளபளவென்று நிற்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் வட்டம். விஷயம் தெரிந்ததும் வண்டிக்காரர்கள் முனிரத்தினத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கிருத்திகைக்கு வண்டி ஓடவில்லை என்றால் அவனை ஸ்டாண்டிலேயே நிற்க விடமாட்டோம் என்று கத்தினார்கள். ஸ்டாண்டுக்கே மூத்தவரான காதர் பாய் நடுவில் புகுந்து, "புருசு அவனுதுதான். குதிரையக் காட்டுனது யாரு? நாமதானே!" என்று அடக்கினார்.

சோப்பும் வெந்நீரும் போட்டுப் பொருக்கை எடுப்பது, எடுத்ததைக் கொளுத்துவது, டிங்சர் அயோடின் தடவுவது, ஒரு குதிரையின் சேணம் இன்னொன்றின் மேல் ஏறாமல் பார்ப்பது. இவ்வளவுதான் வைத்தியம். புருசையும் கொளுத்த வேண்டும் என்றேன். முனிரத்தினம் தயங்கி நின்றான். கன்னியம்மா எங்கிருந்தோ வந்தாள். மெலிந்த, சட்டென்று பேசுகிற பெண். புருசைப் புருஷன் கையிலிருந்து வாங்கினாள். தானே நெருப்பில் வைத்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "எங்க நைனா சீதனமாக் குடுத்தது சார் இது. தறி போனப்பகூட நான் இத்த விக்கல. எரியறத நான் பாத்துக்கறேன், நீங்க அந்தாண்ட போங்க."

சுல்தானின் வேண்டுதல்

காதர் பாயின் குதிரை சுல்தானுக்குப் படர்தாமரையோடு சொறியும் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிடரிக்குக் கீழே விரலால் நன்றாகச் சொறிந்துவிட வேண்டும். படர்தாமரை என்றால் குதிரை சும்மா நிற்கும். சொறி என்றால் கண்ணை மூடி, மேலுதட்டை நீட்டி ஆட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் என்று நம் மேலேயே சாயும். சுல்தான் சாய்ந்த சாய்வில் நான் வேலியில் போய் விழுந்தேன்.

சொறிக்குக் கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் முடியை ஒட்ட வெட்டியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த கத்தரி கட்டுத்துணி வெட்டவே யோசிக்கிற கத்தரி. எங்கள் கம்பவுண்டர் நாதமுனிக்கு வார்த்தை குறைவு, காரியம் நிறைய. அவர் ஒன்றும் சொல்லாமல் போய், அடிவாரத்தில் மொட்டை போடுகிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் சுல்தானை மேலும் கீழும் பார்த்தார். "தலைக்கு மட்டுமா, பூராவுமா?" என்று கேட்டார். பூராவும் என்றேன். புதுக் கத்தரி வாங்கித் தருகிறேன், மனிதத் தலைக்கு எடுக்கிற உங்களுடையதை இதில் வைக்க வேண்டாம் என்றேன். கைத்தொழில் என்றால் கைத்தொழில்தான். உட்கார்ந்தும் எழுந்தும் ஒரு கீறல் படாமல் வேலையை முடித்தார்.

இது நடந்தது சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில். குளித்து ஈரத்தோடு வந்த யாத்ரிகர்கள் நின்றுவிட்டார்கள். குதிரைக்கு மொட்டை என்றால் ஏதோ பெரிய வேண்டுதல் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சுல்தான் தலையில் சந்தனத்தையே தடவிவிட்டார். காதர் பாய் எல்லாவற்றையும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில், புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான ஓர் அம்மாள், தன் மொட்டைத் தலையைத் தடவியபடி தெலுங்கில் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "நாமெல்லாம் தலையை மட்டும் குடுத்துட்டு அதுக்கே பெருமை பேசுறோம். இது வாயத் தொறக்காம உடம்பு பூராவும் குடுத்துட்டு நிக்குது பார்!"

டாக்டருக்கு வந்த வட்டம்

இத்தனை குதிரைகளைத் தொட்ட கைக்கு அதற்கான மரியாதை கிடைக்காமல் போகுமா? என் முன்கையில் அழகான ஒரு வட்டம் முளைத்தது. வீட்டில் என் துண்டு தனியானது, தலையணை தனியானது, கடைசியில் பாயும் திண்ணைப் பக்கம் போயிற்று. என் மனைவி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் தொட்ட காப்பி டம்ளரை இடுக்கியால் எடுத்தாள், அவ்வளவுதான்.

மனிதர்களைப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். குதிரைகளுக்கு என்ன போடுகிறீர் என்று கேட்டார். டிங்சர் அயோடின் என்றேன். கேட்கிறதா என்றார். நன்றாகக் கேட்கிறது என்றேன். பிறகு அவரிடமே, வேறு ஏதாவது, எரிச்சல் இல்லாததாக, மனிதர்களுக்கென்று இருக்குமே என்று மெல்ல இழுத்தேன். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "குதிரை கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டு குணமாகிவிட்டது. உமக்குப் படிப்பு ஜாஸ்தி, அதனால் கொஞ்சம் நாளாகும்."

காலில் ஒரு கொடி

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் குதிரைகள் தேறிவிட்டன. வழுக்கை வட்டங்களில் பூனை முடி போலப் புதுமுடி வந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓடலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. சிட்டுவைக் கடைசியாகப் பார்த்தேன். கழுத்து சுத்தம், முதுகு சுத்தம். பின்னங்காலின் உள்பக்கத்தைப் பார்த்தவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக, கொடியில் காய்த்த மாதிரி, வரிசையாகப் புண்கள். சிலது உடைந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

குதிரை வைத்தியத்தில் எல்லோரும் பயப்படுகிற நோய் ஒன்று உண்டு. கிளாண்டர்ஸ் என்று பெயர். மூக்கிலும் வரும், தோலிலும் வரும். தோலில் வந்தால் இப்படித்தான், கால் வழியாகக் கொடி கட்டிக்கொண்டு ஏறும். மருந்து கிடையாது. மற்ற குதிரைகளுக்கும் தொற்றும், குதிரையைத் தொடுகிற மனிதர்களுக்கும் தொற்றும், மனிதனுக்கு வந்தால் பிழைப்பது துர்லபம். ஆகவே சட்டம் தெளிவாக இருந்தது: குதிரையைச் சுட்டுவிட வேண்டும். சிட்டுவின் மூக்கைப் பார்த்தேன், ஒழுகவில்லை. தாடைக்கு அடியில் தடவினேன், லேசாக நெறி கட்டியிருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. விட்டுவிடவும் முடியாது, சொல்லிவிடவும் முடியாது. காலில் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் "இல்ல சார்" என்றார்கள்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மல்லீன் என்று ஒரு மருந்து. அதைக் கண்ணின் கீழ் இமையில் துளி ஊசி போட்டு, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நோய் இருந்தால் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. நாதமுனி பட்டணம் போய் அதை வாங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சிட்டுவைத் தனியாகக் கட்டி, இடது கண்ணில் ஊசி போட்டேன். யாரும் தொடக் கூடாது, தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அதற்குள் கே.ஜி.கண்டிகையில் மாடு ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வரவே, மீதியை நாதமுனியை விளக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். அவர் தமக்கே உரிய சிக்கனத்தோடு கன்னியம்மாவிடம் விளக்கியதைப் பிற்பாடு என்னிடம் ஒப்பித்தார்: "கண்ணு வீங்குதா இல்லியான்னு பாத்துக்கினே இரு. எல்லாம் அதுலதான் கீது."

பூண்டு வாசனை

இரண்டாம் நாள் காலையில் கொட்டகைக்குப் போகும்போதே முனிரத்தினம் எதிரே ஓடி வந்தான். முகமெல்லாம் பல். "வீங்கிடுச்சி சார்! நல்லா வீங்கிடுச்சி!" என்றான். ஒரு மனிதன் தன் குதிரையின் மரணத்தை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

போய்ப் பார்த்தேன். இடது கண் மூடியே கிடந்தது. இமை சிவந்து, பலாச்சுளை மாதிரி உப்பியிருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேலே எழுத வேண்டியது, போலீஸுக்குச் சொல்ல வேண்டியது, இவர்களையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் வரிசையாக மனசில் ஓடின. கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடமைக்காக இன்னொரு முறை குனிந்தேன். இமைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனபோது கம்மென்று ரசத்துக்குத் தாளித்த வாசனை அடித்தது. பூண்டு! கிளாண்டர்ஸுக்குப் பூண்டு வாசனை உண்டு என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"கன்னியம்மா, கையைக் காட்டு" என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகையோடு எல்லாம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை இமை துளிக்கூட வீங்கவில்லையாம். பிள்ளைகளுக்கு அம்மை குத்தினால் குத்தின இடம் வீங்கிப் பழுக்க வேண்டும். பழுக்காவிட்டால் குத்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதுவும் அப்படித்தானே என்று நினைத்து, ஊசி பிடிக்காமல் குதிரை செத்துப்போகுமே என்று பயந்து, பூண்டை நசுக்கி இமையில் வைத்துக் கட்டியிருக்கிறாள். அத்தோடு காலின் கதையும் வந்தது. காலில் ஒரே ஒரு வட்டம் ஆறாமல் நின்றதாம். கிருத்திகைக்குள் ஆற வேண்டுமே என்று, துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டைப் பாலைச் சலவைக்காரரிடம் வாங்கித் தடவியிருக்கிறாள். சேங்கொட்டை பட்ட இடமெல்லாம் வெந்து புண்ணாகும். பால் கால் வழியாகக் கொடி மாதிரி ஒழுகியிருக்கிறது. கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்தில் கொட்டகையே நடுங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "புருசத்தான் எரிச்சீங்க. இதையும் சொன்னா, குதிரையவும் எரிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன் சார்."

ஆடிப் பரணி

அந்த வார்த்தைக்கு அப்புறம் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. ஆனாலும் விஷயம் முடியவில்லை. சேங்கொட்டை தடவினேன் என்று அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அதற்காகச் சோதனையை விட்டுவிட முடியுமா? அவள் சொல்வதை நம்பி ஓட விட்டு, நோயாக இருந்துவிட்டால்? மற்ற குதிரைகள், அவற்றைத் தேய்க்கிறவர்கள், வண்டியில் ஏறுகிற குழந்தை குட்டிகள் எல்லாம் கண்முன் வந்தார்கள். ஆகவே இடது கண்ணைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, வலது கண்ணில் மறுபடியும் ஊசி போட்டேன். கிருத்திகை நெருங்கிவிட்டது. அதற்கு முதல் நாளான ஆடிப் பரணி அன்று காலையில் முடிவு தெரியும். பரணி அன்றே காவடிக் கூட்டம் ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்துவிடும்.

இந்தத் தடவை யாரையும் விளக்கச் சொல்லவில்லை. நானே மணலில் உட்கார்ந்து சொன்னேன். "இது அம்மைக் குத்து இல்லை. வீங்கினால் குதிரை போச்சு. வீங்காவிட்டால் பிழைச்சுது. இமை இப்படியே, இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்." முனிரத்தினத்தைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். கன்னியம்மாவையும் சொல்ல வைத்தேன். கடைசியில் நாதமுனியும், யாரும் கேட்காமலே, ஒரு தடவை சொல்லிக் காட்டினார். கன்னியம்மா கொட்டகைக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஈ மொய்த்தால்கூட வாயால் ஊதினாளே தவிர கையை எடுக்கவில்லை. முனிரத்தினம்தான் அவளுக்குச் சோறு ஊட்டினான். ஸ்டாண்டிலிருந்து வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவனை ஸ்டாண்டில் நிற்க விடமாட்டோம் என்று கத்தினவர்களும் வந்தார்கள். காதர் பாய் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரு பொழுது முழுக்க அங்கேயே இருந்தார்.

பரணி அன்று காலையில் போனேன். மலை மேலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிட்டு என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டியது. வலது கண் நன்றாகத் திறந்திருந்தது. இமையை மெல்ல விரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று, சுருக்கம் சுருக்கமாக, எல்லாக் குதிரை இமையும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. மோந்தும் பார்த்தேன், குதிரை வாசனைதான். காலில் புண்கள் காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. "பூட்டலாம்" என்றேன். முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். வேலிக்கு வெளியே காதர் பாய் உரக்க அல்லாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். நான் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கன்னியம்மா மட்டும் அசையவில்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து முடித்து, கை இரண்டையும் தேய்த்துவிட்டுக்கொண்டு, எழுந்து வந்து என்னைக் கேட்டாள்: "அப்போ, முதல்லயே நாங்க ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா இத்தினி பாடு வந்திருக்காதா சார்?" வந்திருக்காது என்றேன். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிட்டுவின் கழுத்தில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு, சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டாள்: "இருக்கறது ஒரே ஒரு குதிர. அது நோவுல நிக்கும்போது கைய கட்டிக்கினு பாத்துக்கினு இருக்கறதுக்கு எந்த ஆஸ்பத்திரில சார் மருந்து குடுக்கறாங்கோ?"

அந்த மருந்து இதுவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் வந்து சேராததால்தான், எங்களைப் போன்றவர்களுக்குப் பென்ஷன் வாங்கும் நாள் வரை ஒருநாள்கூட வேலை இல்லாமல் போகவில்லை.